பயோமெட்ரா: கருப்பைச் சீழ்த்தேக்கம்

மிருகக்காட்சிசாலையில் வளரும் பெண் ஆர்மடில்லோக்களுக்கு (முதுகில் கவசம் உள்ள ஒரு விலங்கு) வரும் இனப்பெருக்க உறுப்பு நோய்களைப் படித்தால் பயோமெட்ரா என்ற பெயர் வரும். நம்ம காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் மாட்டு டாக்டர் சொல்வதும் இதே பெயர்தான்.

இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பார்ப்போம். சொல் கிரேக்கம். 'பியோன்' என்றால் சீழ், 'மெட்ரா' என்றால் கருப்பை. இந்த மெட்ராவே அம்மாவைக் குறிக்கும் 'மேட்டேர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. எண்டோமெட்ரைட்டிஸ் வேறு, அது கருப்பை உட்சுவரின் அழற்சி மட்டும். பயோமெட்ராவில் பைக்குள் சீழே தேங்கி நிற்கும்.

தமிழில் சீழ்க்கட்டி என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது சதைக்குள் தனியாகக் கட்டும் கட்டி. சினைப்பைச் சீழ் என்பதும் சரியாக வராது, மருத்துவத் தமிழில் சினைப்பை என்றால் முட்டை உருவாகும் உறுப்பு. ஆகவே கருப்பைச் சீழ்த்தேக்கம் என்பதே பொருத்தம் என்பேன். தேக்கம் என்ற சொல்தான் இதில் முக்கியம், ஏனென்றால் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது: கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும், மூடியிருந்தால் உள்ளேயே நிறைந்துகொண்டு போகும், வெளியில் ஒன்றுமே தெரியாது. மாடு பருவத்துக்கு வராமல் இருக்கும், காய்ச்சலும் பெரும்பாலும் இருக்காது, சினை பிடித்துவிட்டது என்று தோட்டத்தில் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். அதனால் சினைப் பரிசோதனையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நாய்க்கு என்றால் பருவம் முடிந்து சில வாரத்தில் வரும். தண்ணீர் அதிகமாகக் குடிக்கும், வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். பெரும்பாலும் கருப்பையை அறுவை செய்து எடுப்பதுதான் வழி, அதுவும் உடனே.

சரி, ஆர்மடில்லோவுக்கு வருவோம். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் விலங்கு, முதுகில் எலும்புத் தகட்டுக் கவசம். நம்ம காட்டு எறும்புத்தின்னி வேறு இனம், அதன் செதில் நகம் மாதிரியான பொருள். நாய்க்கு இருப்பதுபோல இரட்டைக் கொம்புக் கருப்பை ஒன்பது பட்டை ஆர்மடில்லோவுக்குக் கிடையாது, மனிதருக்கு இருப்பதுபோல ஒற்றை அறைதான், அதிலேதான் ஒரே கருமுட்டையிலிருந்து ஒரே மாதிரியான நான்கு குட்டிகள் வளர்கின்றன. சிறுநீரும் கருப்பைக் கசிவும் வெளியேற ஒரே வழி என்பதால், கூண்டுத் தரையில் ரத்தமோ சீழோ தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம், ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எழுதும்போது 'வாய் திறந்த கருப்பைச் சீழ்த்தேக்கம்', 'வாய் மூடிய கருப்பைச் சீழ்த்தேக்கம்' என்று பிரித்தே எழுதலாம்.