மாசு: மீக்கடத்தி ஆய்வில் இந்தச் சொல்லின் பொருள்

மாசு என்றதும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் மெரிபேங்க் பக்கம் இருப்பவர்களுக்கு, அங்கே இயங்கிவந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகைதான் முதலில் தோன்றும். தேவாரம் பாடிப் பழகியவர்களுக்கு 'மாசில் வீணையும் மாலை மதியமும்' நினைவுக்கு வரும். பழைய தமிழில் மாசு என்றால் அழுக்கு, கறை, குற்றம். இருக்கவே கூடாதது என்ற கருத்து சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'இம்ப்யூரிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லும் தூயதல்லாதது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இயற்பியலில் அந்தப் பழி கிடையாது. படிகத்தில் ஓர் அணு இருக்கவேண்டிய இடத்தில் வேறு தனிமத்தின் அணு உட்கார்ந்திருந்தால் அது மாசு, அவ்வளவுதான். தானாக வந்ததா, நாமே சேர்த்ததா என்பது வேறு கேள்வி.

மீக்கடத்தியில், அதாவது மிகக் குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருளில், மாசு செய்யும் வேலையைப் பார்க்க நல்ல இடம், மிகக் குளிர்ந்த நிலையில் அளக்கும் தன்வெப்பம், அதாவது பொருளின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தத் தேவைப்படும் வெப்பம் (தமிழ்நாட்டுப் பாடநூலில் தன் வெப்ப ஏற்புத்திறன், இலங்கையில் தன்வெப்பக் கொள்ளளவு, இரண்டும் ஒன்றுதான்). சாதாரண உலோகத்தில் எலக்ட்ரான்கள் தரும் பங்கு வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஈயம், பாதரசம் மாதிரியான மரபான மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்துவிடும், ஜோடியைப் பிரிக்க எந்தத் திசையிலும் ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும், அதனால் குளிரக் குளிர அந்தப் பங்கு மடமடவென்று மறைந்துவிடும். காந்தத்தன்மை இல்லாத மாசு கொஞ்சம் கலந்தாலும் இந்த ஜோடிகள் பெரிதாகக் கலங்குவதில்லை என்று 1959இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் விளக்கினார்.

மரபுசாரா மீக்கடத்தியில் கதையே மாறிவிடுகிறது. செப்பு ஆக்சைடு வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஜோடியைப் பிரிக்கும் ஆற்றல் சில திசைகளில் சுழியாகிவிடும், அந்தத் திசைகளுக்கு இருபுறமும் ஜோடியின் அலைச்சார்பு (ஜோடியின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பு) குறி மாறும், ஒருபுறம் கூட்டல் என்றால் மறுபுறம் கழித்தல். மாசணுவில் மோதும் எலக்ட்ரான் கூட்டல் பக்கத்திலிருந்து கழித்தல் பக்கத்துக்குச் சிதறினால் ஜோடி உடைகிறது. இதற்குக் காந்த மாசுகூட வேண்டாம். செம்பு இருக்கவேண்டிய இடத்தில் துத்தநாகம் உட்கார்ந்தாலே போதும்.

இந்த வகைத் தூய படிகத்தில், மிகக் குளிர்ந்த நிலையில் எலக்ட்ரான்கள் தரும் தன்வெப்பம் வெப்பநிலையின் வர்க்கத்துக்கு விகிதமாகும். தன்வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்து வரைபடம் போட்டால் நேர்கோடு வரும், கீழே நீட்டினால் அது சுழியைத் தொடும். மாசு சேர்த்துப் பாருங்கள், கோடு தொடாது; வெப்பநிலை சுழியை நெருங்கும்போதும் ஒரு மதிப்பில் நின்றுவிடும். உடைந்த ஜோடிகளின் எலக்ட்ரான்கள் சாதாரண உலோகத்தில் போலவே வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் வரும் மிச்சம் அது. வலுவாகச் சிதறடிக்கும் மாசு என்றால் மிகச் சிறிய அளவுகூட இந்த மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும். காந்தத்தன்மையுள்ள மாசு தனியாக ஒரு மேட்டையும் எழுப்பும், ஆனால் காந்தப்புலம் கொடுத்தால் அந்த மேடு இடம்பெயரும், அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

நம் நாட்டோடு ஒட்டிய எடுத்துக்காட்டும் உண்டு. உலகின் ருத்தேனியத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்கப் பிளாட்டினச் சுரங்கங்களிலிருந்துதான் போகிறது. அந்த ருத்தேனியமும் ஸ்ட்ரான்சியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஸ்ட்ரான்சியம் ருத்தேனேட் மீக்கடத்தி என்று 1994இல் கண்டுபிடித்தார்கள். சுத்தமான படிகம் 1.5 கெல்வினில் மீக்கடத்தியாகும். சிறிதளவு அலுமினியமோ சிலிக்கனோ கலந்தால்கூட அந்தத் திறனே போய்விடும். தொடக்கத்தில் வளர்த்த படிகங்களில் தன்வெப்ப மிச்சம் சாதாரண நிலையின் மதிப்பில் ஏறக்குறைய பாதி இருந்தது. எலக்ட்ரான்களில் ஒரு பாதி மட்டும் ஜோடி சேருகிறதோ என்றுகூட அதற்கு விளக்கம் தேடினார்கள். பிறகு படிகங்கள் சுத்தமாக ஆக மிச்சம் வெகுவாகக் குறைந்து, வர்க்க விதி தெரிய வந்தது. மாசின் வேலையைப் பொருளின் இயல்பு என்று எடுத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போய்விடுவோம் என்று பாருங்கள்!

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? சுற்றுச்சூழலுக்கு மாசுபாடு இருக்கட்டும். படிகத்தில் இருக்கும் வேற்று அணுவுக்கு மாசணு, வேண்டுமென்றே சேர்ப்பதற்கு மாசூட்டல். இவை பாடநூல் வழக்கோடும் ஒத்துப்போகின்றன. வரைபடத்தில் சுழியைத் தொடாமல் நிற்கும் அந்த மதிப்பை எச்சத் தன்வெப்பக் கெழு என்று எழுதுவேன். 'அசுத்தம்' வேண்டாம், துத்தநாகம் அசுத்தமான பொருள் இல்லை, செம்பின் இடத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.