சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு அந்தப் பிள்ளை என்ன ஆனாள்?

பள்ளிகளில் கண் பரிசோதனை முகாம் நடத்தும்போது பார்வைக் குறையைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரே அதைச் செய்துவிடலாம். பிள்ளைகளை நாம் தவறவிடுவது அதற்குப் பிறகுதான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று எழுதிய சீட்டு புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அடுத்த ஆண்டு போனால் அதே பிள்ளை, அதே மங்கல் பார்வை, கூடுதல் பவர். புதிய கருவி எதுவானாலும் நான் முதலில் கேட்பது, அது இந்த இடத்தில் உதவுமா என்றுதான்.

உதவும் என்பதற்குக் கென்யா சாட்சி. அங்கே கிட்டாலே பகுதியில் கண் மருத்துவரான ஹிலரி ரோனோவின் குழுவினர் 50 பள்ளிகளில் 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2018இல் அது வெளியானது. எல்லாப் பள்ளிகளிலும் ஆசிரியர்களே பரிசோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் வழக்கமான அட்டையும் சீட்டும். மீதிப் பள்ளிகளில் 'பீக்' என்ற மொபைல் செயலி. குறை தெரிந்த பிள்ளையின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் மங்கலான படத்தைப் பெற்றோருக்குக் கொடுத்தார்கள். குறுஞ்செய்தியும் தொடர்ந்து போனது. சீட்டு மட்டும் வாங்கியவர்களில் 100க்கு 22 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். செயலி பயன்பட்ட பள்ளிகளில் 54 பேர் வந்தார்கள்.

அந்தப் படம் ஏன் வேலை செய்கிறது என்று எனக்குப் புரிகிறது. "உங்க பொண்ணுக்குப் பார்வை 6/18" என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் ஒன்றும் புரியாது. "வீட்டுல நல்லாத்தானே டிவி பாக்குறா" என்பார். பிள்ளை டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துதான் பார்க்கிறாள். கரும்பலகை அவளுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு படத்தில் பார்த்துவிட்டால் பேச்சு மாறிவிடும்.

செயலியில் இன்னொரு நன்மையும் உண்டு. சுவர் அட்டையில் எழுத்துகள் மாறாது. வரிசையில் பின்னால் நிற்கும் பிள்ளைகள் முன்னவர் சொல்வதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள். செயலியில் ஆங்கில 'E' எழுத்து ஒவ்வொரு முறையும் வேறு திசையில் திரும்பும். எழுத்து தெரியாத பிள்ளையும் கையால் திசையைக் காட்டினால் போதும்.

மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இதுவும் கஷ்டம். அங்கன்வாடியில் கேமரா போன்ற கருவிதான் சரி. சுமார் ஒரு மீட்டர் தள்ளி நின்று சில நொடிகளில் இரண்டு கண்களையும் படம் பிடித்து, பவர் வித்தியாசமோ மாறுகண்ணோ இருக்கலாம் என்று எச்சரிக்கும். சோம்பேறிக் கண்ணை (ஒரு கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாமல் விடும் குறையை) சின்ன வயதிலேயே பிடித்தால்தான் சிகிச்சை நன்றாகப் பலிக்கும் என்பதால் இந்தக் கருவிக்குச் செலவழிப்பது தகும். ஆனால் அது காட்டும் எண்ணை வைத்து நேராகக் கண்ணாடி போட்டுவிடக் கூடாது. சிறு பிள்ளைகளின் கண் தானாகவே குவியத்தை மாற்றிக்கொள்ளும். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் உண்மையான பவர் தெரியும்.

கென்யாவில் செயலி பயன்பட்ட பள்ளிகளில்கூட 100க்கு 46 பேர் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் கூலி, பஸ் செலவு, வீட்டில் இன்னொரு கைக்குழந்தை. குறுஞ்செய்தி இதையெல்லாம் தீர்க்காது. அதனால் கண்ணாடி பள்ளிக்கே வர வேண்டும். நம் ஊரில் அரசின் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் மாணவர்களுக்குக் கண்ணாடி இலவசம். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததற்கான பவர்) பெரிதாக இல்லை என்றால், பிரேமில் லென்ஸைப் பொருத்தி அன்றே கொடுக்கும் வசதியும் இப்போது இருக்கிறது.

அப்புறம், கொடுத்த கண்ணாடியைப் போடுகிறார்களா? "சோடாபுட்டி" என்று ஒருவன் கூப்பிட்டால் போதும், கண்ணாடி பைக்குள் போய்விடும். பெண் பிள்ளை என்றால் வீட்டிலும் தயக்கம். கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற பயம் வேறு. பவர் ஏறுவது வளரும் வயதில் கண் நீள்வதால்தான். பிரேமைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், வகுப்பில் எல்லோருக்கும் ஆசிரியர் விளக்கட்டும். செயலியிலும் "கண்ணாடி கொடுத்தாயிற்று" என்பதோடு கணக்கை மூடாமல், மூன்று மாதம் கழித்து "போட்டிருக்கிறாளா" என்று குறிக்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முகாமுக்கு முந்தைய வாரமே பெற்றோரின் போன் எண்களைச் சரிபார்த்து வையுங்கள். பதிவேட்டில் இருப்பது பல நேரம் பழைய எண், அல்லது வெளியூரில் வேலை செய்யும் அப்பாவின் எண். பிள்ளையோடு இருக்கும் அம்மாவோ பாட்டியோ எடுக்கும் எண் வேண்டும். செய்தியும் தமிழில் போக வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பாகவே போகட்டும்.