அலையைத் திருப்பும் குழி

நீர்கொழும்பு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “துறைமுக நகரத்துக்கு மணல் அள்ளியது நடுக்கடலில். அரிபடுவது எங்கள் கரை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள் படித்தவர்கள். கரை மணல் சரிந்துபோய் அந்தக் குழியை நிரப்புகிறது என்கிறார்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்கள். எதை நம்புவது?”

சம்பந்தம் இருக்கலாம். ஆனால் பெரியவர்கள் சொல்லும் வழியில் அல்ல. அவர்கள் சொல்வதைவிடச் சுவையான வழி ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

பின்னணியைச் சுருக்கிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொழும்பில் காலிமுகத்திடலை ஒட்டிக் கடலை நிரப்பித் துறைமுக நகரத்துக்கு நிலம் உண்டாக்கும் வேலை, சீனத் துறைமுகப் பொறியியல் நிறுவனத்தின் 140 கோடி டொலர் முதலீட்டில், 2014 செப்டெம்பரில் தொடங்கியது. ஆட்சி மாறியதும் 2015 மார்ச்சில் நின்றது. 2016இல் மீண்டும் தொடங்கியபோது நீர்கொழும்பு மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், கத்தோலிக்கக் குருமாரும் சேர்ந்துகொண்டார்கள். மீனவர் வாழ்வாதாரத்துக்கென 50 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் 269 ஹெக்டேயர் புது நிலம் நிரப்பி முடிந்தது.

அதற்குச் சென்ற மணல் சுமார் ஆறரைக் கோடி கன மீற்றர். கொழும்பு மாநகர எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். அந்த மணலைக் கொழும்பு முழுவதும் சமமாகப் பரப்பினால் ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை ஒவ்வொரு தெருவிலும் உச்சந்தலைவரை மணலில் புதைந்து மக்கள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு மணல் கொழும்புக்கு வடக்கே கடலடியிலிருந்து வந்தது.

இனிக் கரைக்கு வருவோம். கடற்கரை என்பது அசையாமல் கிடக்கும் மணல் என்று தோன்றும். கடந்த ஜூன் மாதம் நீர்கொழும்புக் கரையில் ஒரு குரும்பட்டியை அலைக்குள் எறிந்துவிட்டு அதன் கூடவே நடந்து பார்த்தேன். அலை அதைச் சாய்வாக மேலே தள்ளியது. நீர் வடியும்போது நேராகக் கீழே இழுத்தது. மறுபடி சாய்வாக மேலே, நேராகக் கீழே. ஒவ்வொரு முறையும் ஓரடி, ஈரடி வடக்கே. கால் மணி நேரத்தில் குரும்பட்டி என்னை ஒரு படகுத் துறையிலிருந்து அடுத்ததற்கு அழைத்துச் சென்றுவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் (வடக்கில் நாங்கள் சோழகம் என்போம்) நம் மேற்குக் கரையில் ஒவ்வொரு மணல் மணியும் இப்படித்தான் வடக்கு நோக்கி நடக்கிறது. பள்ளியில் படித்ததுதான், நீட்டவில்லை.

கவனிக்க வேண்டியது வேறொன்று. மணல் நடப்பதால் மட்டும் கரை அரிபடுவதில்லை. கொழும்பிலிருந்து சிலாபம் போகும் பஸ்ஸை எண்ணிப் பாருங்கள். ஒரு தரிப்பிடத்தில் பத்துப் பேர் இறங்கி, பத்துப் பேர் ஏறினால் உள்ளே நெரிசல் மாறாது. கரையும் அப்படியே: தெற்கிலிருந்து வரும் மணலும் வடக்கே போகும் மணலும் சமமாக இருக்கும்வரை, எவ்வளவு நடந்தாலும் கரை அங்கேயே நிற்கும். போவது வருவதைவிடக் கூடினால்தான் தென்னை விழும். ஆகவே அலையின் உயரமோ சாய்வோ கரையின் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குச் சற்று மாறினாலே போதும், கணக்கு குழம்பிவிடும்.

பெரியவர்கள் சொல்லும் சரிவுக் கதை எங்கே தடுக்கிறது? அலை மணலைக் கரைக்கும் கடலுக்குமாகக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலை ஓர் ஆழத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆண்டின் மிகப் பெரிய அலைகளின் உயரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பது பொறியியலாளர்களின் குத்துமதிப்பு. மூன்று மீற்றர் அலை என்றால் ஆறு, ஏழு மீற்றர் ஆழம். அந்த எல்லைக்குள் தோண்டினால் கரை தானாக இறங்கி வந்து குழியை நிரப்பும், அதில் சந்தேகமில்லை. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஹால்சாண்ட்ஸ் என்றொரு மீனவக் கிராமம் இருந்தது. கடற்படைத் தளத்தை விரிவாக்க 1897 முதல் சில ஆண்டுகள் அதன் கரையோரத்திலேயே கூழாங்கல் அள்ளினார்கள். கரை தாழ்ந்துகொண்டே போனது. 1917 ஜனவரியில் வந்த ஒரு புயல் கிராமத்தையே கொண்டுபோய்விட்டது.

கொழும்புக்கு மணல் அள்ளியது கரையிலிருந்து கிலோமீற்றர் கணக்கில் தள்ளி, இந்த எல்லையைவிட ஆழமான இடத்தில். அதனால் “குழிக்குள் கரை சரிகிறது” என்பது நிற்காது. அதிகாரிகள் இந்த இடத்தில் வாதத்தை முடித்துக்கொள்வார்கள். எனக்கு இங்கிருந்துதான் ஆவல் தொடங்குகிறது.

அலைக்குக் கால் உண்டு. மேலே தெரிவது முகடு மட்டும். கீழே நீர் வட்டமடித்துச் சுழல்வது அலைநீளத்தின் பாதி ஆழம்வரை போகும். இந்து சமுத்திரத்தின் தெற்கிலிருந்து பன்னிரண்டு செக்கனுக்கு ஒன்றாக வரும் நீண்ட அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 225 மீற்றர். அப்படியென்றால் நூறு மீற்றர் ஆழத்துக்கு வந்தவுடனேயே அதன் கால் தரையில் உரசத் தொடங்கிவிடும். உரசினால் வேகம் குறையும். ஆழம் குறையக் குறைய இன்னும் குறையும்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த படி தானாகப் புரியும். இரண்டு வரிசை ஆட்கள், இரண்டு கயிறுகள், நடுவில் மடி. ஒரு வரிசை வேகமாக இழுத்து, மற்றது தளர்ந்தால் என்ன ஆகும்? வேகமான பக்கம் முந்திக்கொண்டு வரும், வலை முழுவதும் மெதுவான பக்கத்தை நோக்கித் திரும்பிவிடும். அலை முகடும் அந்த வலைதான். சாய்ந்து வரும் முகட்டில் கரைக்கு அருகிலுள்ள முனை ஆழங்குறைந்த நீரில் தளர, கடல் பக்க முனை முந்தி வர, முகடு மெல்லத் திரும்பிக் கரைக்கு இணையாகிவிடுகிறது. சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் கண்ணாடிக் குற்றியில் ஒளிக்கதிர் முறிவதாகப் படித்தோமே, அதே முறிவுதான்.

இப்போது கடலடியில் ஒரு குழியைத் தோண்டுங்கள். 15 மீற்றர் ஆழ நீரில் நம் பன்னிரண்டு செக்கன் அலை செக்கனுக்குச் சுமார் 11.3 மீற்றர் வேகத்தில் போகும். நான்கு மீற்றர் தோண்டி 19 மீற்றராக்கினால் வேகம் 12.4 ஆகிறது. ஒரே முகட்டில் குழிக்கு மேலே உள்ள பகுதி மட்டும் முந்திக்கொண்டு, நடுவில் வில் போலப் பிதுங்குகிறது. பிதுங்கிய முகட்டின் சக்தி இரு பக்கமும் விரிந்து போகும். விளைவு: குழிக்கு நேர் பின்னால் உள்ள கரையில் அலை தணிந்து மணல் சேரும். அதற்கு இருபுறமும் அலை தடித்து மணல் பறிபோகும். கரையை ஒருவரும் தொடவில்லை. கரையிலிருந்து ஒரு மணி குழிக்குள் போகவுமில்லை. அலையின் முகம் திரும்பியது, அவ்வளவே. அமெரிக்காவின் லூசியானாவில் கிராண்ட் ஐல் தீவுக்கு எதிரே 1984இல் மணல் எடுத்த இரண்டு குழிகளுக்கும் பின்னால் கரை இரண்டு மூக்குகளாக முன்னே வளர்ந்தது. பக்கத்துக் கரைகள் உள்வாங்கின. முதன்முதலில் அந்த வரைபடத்தைப் பார்த்தபோது சிரித்தே விட்டேன். கடலடியில் மறைந்திருந்த குழியின் படத்தைக் கரையே வரைந்து காட்டியிருந்தது.

ஆனால் அந்தக் குழிகள் கரைக்கு மிக அருகில் இருந்தவை. தூரம் கூடக் கூட, பிதுங்கிய முகடு பக்கத்து அலைகளோடு கலந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும். குழியின் வடிவமும் முக்கியம். ஆறரைக் கோடி கன மீற்றரை ஒரு மீற்றர் தடிப்பில் வழித்தெடுத்தால் 65 சதுர கிலோமீற்றர் பரப்பு, அலை பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதையே நான்கு மீற்றர் தோண்டினால் 16 சதுர கிலோமீற்றர், அப்போது கண்டுகொள்ளும். மணல் உறிஞ்சும் கப்பல் தும்பிக்கை போன்ற குழாயைத் தரையில் இழுத்துக்கொண்டே நகரும். ஒரு முறை போனால் மேலோட்டமான சால். ஒரே தடத்தில் நூறு முறை போனால்? ஆக வாசகரின் கேள்விக்கு விடை, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த கடலடி ஆழ வரைபடங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிடைத்துவிடும்.

வேறு சந்தேக நபர்களையும் விட்டுவிட முடியாது. துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இலேயே அடிக்கல் வைத்தாயிற்று. தெற்கிலிருந்து வரும் மணல் அதைத் தாண்டுவது அன்றிலிருந்தே கடினம். புது நிலம் அந்தத் தடுப்புக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. நீர்கொழும்புக் கரைக்கு மணல் ஊட்டுவது துறைமுகத்துக்கு வடக்கே கடலில் விழும் களனி கங்கை. அந்த ஆற்றில் கட்டட வேலைக்காகப் பல பத்தாண்டுகளாக அள்ளிய மணல் கடலுக்கு வராத மணல். உண்மையைச் சொன்னால் என் சந்தேகம் முதலில் போவது ஆற்று லொறிகளின் மேல்.

மீன் பற்றியும் ஒரு வார்த்தை. கப்பல் வழியவிடும் கலங்கல் நீரில் 0.2 மில்லிமீற்றர் மணல் 15 மீற்றர் இறங்கப் பன்னிரண்டு நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வண்டலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். அதற்குள் நீரோட்டம் அதைப் பல கிலோமீற்றர் இழுத்துப்போய் மீன் குடியிருக்கும் பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) மேல் தூவிவிடும். பார் தெரிந்த மீனவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். “கடல் பழிவாங்குகிறது” என்று யாராவது சொன்னால் மூடநம்பிக்கை என்கிறோம். கணினி மாதிரியுரு கக்கிய வண்ணப் படத்தைத் தாயத்து போலத் தூக்கிக் காட்டி “பாதிப்பு இல்லை” என்பதற்கு என்ன பெயர்? நம் நாட்டில் சுற்றாடல் மதிப்பீட்டுக்குச் செலவழிப்பது திட்டக்காரரே. வேலைக்கு முந்திய அறிக்கை தடித்த புத்தகமாக வரும். வேலை முடிந்து பத்து ஆண்டுகள் கரையை அளக்க ஆள் அனுப்பும் செலவு துறைமுக நகரத்தின் ஒரு மாடிக்குக்கூட ஆகாது, ஆனாலும் அதற்குத்தான் பணம் இருப்பதில்லை. நாரா போன்ற அரச ஆய்வு நிறுவனத்துக்கு அந்தப் பொறுப்பையும் பணத்தையும் கொடுத்து, அளவுகளைச் சிங்களத்திலும் தமிழிலும் மீனவர் சங்கங்களின் கதவில் ஒட்ட வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை வாசகர் ஒரு காரியம் செய்யலாம். கரைக்குப் பின்னால் அசையாத ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து அதில் ஆணி அடியுங்கள். ஒவ்வொரு போயா தினத்திலும் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஆணியிலிருந்து நீர் விளிம்புவரை கயிறு பிடித்து அளந்து, நாளையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். பௌர்ணமியில் வற்று ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு இறங்குவதால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாம். இரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கும் உறவுக்காரர் ஒருவரையும் இதே வேலையில் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஓரிடத்தில் கரை வளர்ந்து பக்கத்தில் தேய்கிறதா என்பதுதானே நமக்கு வேண்டும்? ஆனால் ஜூலை அளவைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். பருவக்காற்று தின்ற மணலில் பெரும் பகுதியைக் கடல் ஜனவரிக்குள் திருப்பி வைத்துவிடும். இந்த ஜூலையை அடுத்த ஜூலையோடுதான் ஒப்பிட வேண்டும்.