வெளிச்சம் தின்ற வானம்

ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கலர் வெளுத்துப்போச்சு, பழையபடி கொண்டுவந்துடலாமா?" முடியாது. கிழிசலை ஒட்டலாம், சில கறைகளை எடுக்கலாம். போன நிறம் போனதுதான்.

சட்டத்தைக் கழற்றி, படத்தைச் சுற்றியிருக்கும் அட்டையைத் தூக்கிப் பாருங்கள். அட்டை மறைத்த ஓரத்தில் அந்தி வானம் இன்னும் சிவந்திருக்கும். அரை விரல் உள்ளே தள்ளினால் வெறும் பழுப்பு.

எண்ணெய் ஓவியம்போல இதன்மேல் வார்னிஷ் எதுவும் கிடையாது. நீரில் கரைத்த சாயத்தைச் செதுக்கிய செர்ரிக் கட்டையில் தடவி, கோசோ மரப்பட்டைக் காகிதத்தை அதன்மேல் வைத்து, பாரென் என்ற வட்டத் தட்டால் தேய்ப்பார்கள். வானம் மேலிருந்து கீழே மெல்ல மங்கிவரும் அந்த அழகுக்கு 'பொகாஷி' என்று பெயர். ஒவ்வொரு தாளுக்கும் கட்டையில் சாயத்தைக் கையாலேயே தேய்த்து மங்கவைக்க வேண்டும். அங்கே சாயம் மிக மெலிது; வெளிச்சத்துக்கு முதலில் பலியாவதும் அதுதான்.

எல்லாச் சாயமும் ஒரே மாதிரி இல்லை. குசும்பாப்பூச் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். கானாவாழை இனத்துச் செடியின் பூவிலிருந்து எடுத்த நீலம் இன்னும் மோசம், ஈரத்துணி பட்டாலே கரையும். அதனால் தயவுசெய்து தூசியைத் துடைக்கிறேன் என்று இறங்காதீர்கள். 1830 வாக்கில் பரவலான பிரஷ்யன் நீலம் ஓரளவு தாக்குப்பிடிக்கும்; ஓவியர் ஹொகுசாயின் ஃபூஜி மலைக் காட்சிகளில் பார்க்கும் ஆழ்ந்த நீலம் அதுதான். மற்றதெல்லாம் வெளுத்து நீலம் மட்டும் நிற்கும் படத்தைப் பார்த்து, 'என்ன ஒரு அடக்கமான ஜப்பானிய ரசனை' என்று வியப்பவர்களும் உண்டு!

அருங்காட்சியகங்களில் இவற்றைப் பெரும்பாலும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சத்தில் சில மாதங்கள் மட்டும் வைத்துவிட்டு, இருட்டறைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வருடக்கணக்கில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி சேதத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

அப்புறம், செலோ டேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை நறுக்கவும் வேண்டாம். பதிப்பாளர் முத்திரை சில நேரம் அங்கேதான் இருக்கும். படம் கண்ணாடியை ஒட்டி இருக்கவும் கூடாது, மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தினமும் கண்ணில் பட வேண்டுமென்றால், நல்ல ஸ்கேன் பிரதி ஒன்றை எடுத்துச் சட்டம் போடுங்கள். அசலை அமிலமில்லாத காகித உறையில் தட்டையாக வைத்து, விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டுங்கள்.