பரிசோதனைக்கு வந்தவரிடம் முதலாளி என்ன கேட்கலாம்?

சுன்னாகத்தில் மில் வைத்திருப்பவரும் சரி, குருநகரில் ஐஸ் ஆலை நடத்துபவரும் சரி, என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "தொழிற்சாலையைப் பரிசோதிக்கும் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்தால் திருப்பி அனுப்பலாமோ?"

அனுப்ப முடியாது. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டத்தின்படி, ஆட்கள் வேலை செய்வதாக நம்ப நியாயம் இருந்தால், தொழில் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளர் இரவிலும் வரலாம், பகலிலும் வரலாம். தடுப்பது குற்றம். தடுப்பீர்கள் என்று நினைத்தால் பொலிசையும் கூட்டி வருவார்.

அதற்காக வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. வந்தவரின் நியமனச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் கோபிப்பார் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்பது உங்கள் உரிமை. அவர் எதைப் பார்க்கிறார், எதைப் படம் எடுக்கிறார் என்பதைக் கூடவே போய் நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். குறை சொன்னால் எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். பெல்ட்டுக்கு மூடி போடச் சொன்னாரா, கொம்பிரசர் தாங்கியைப் பரிசோதிக்கச் சொன்னாரா என்பது இரண்டு கிழமை கழித்து ஒருவருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது.

வாக்குமூலத்தில்தான் மிகக் கவனம் தேவை. யாராவது கை நசுங்கி யாழ் போதனா வைத்தியசாலையில் கிடக்கும்போது, முதலாளி பதற்றத்தில் எதையும் ஒப்புக்கொள்வார், நீட்டிய தாளில் கையெழுத்தும் போடுவார். உங்களையே குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்லும்படி சட்டம் வற்புறுத்துவதில்லை. "சட்டத்தரணியோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் போதும். பொய் மட்டும் சொல்லாதீர்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ். ஆகவே விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்திடாமல், தமிழில் கேளுங்கள். விபத்தை அறிவிக்கும் கடமை இதனால் இல்லாமல் போகாது: மரணமோ, மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயமோ என்றால் உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுப்பவரும் குற்றவாளிதான். இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

அப்புறம், வேலையாட்களைத் தனியே விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. பக்கத்தில் நின்று முறைக்க வேண்டாம். முறைப்பாடு செய்தது யார் என்றும் கேட்க வேண்டாம். இலங்கை 1956இல் ஏற்ற சர்வதேச தொழில் அமைப்பின் 81ஆம் சமவாயப்படி அதை அவர் இரகசியமாக வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் முறைப்பாடு செய்தவர் சொன்ன இயந்திரம் உண்மையிலேயே மூடி இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அதை நிறுத்துங்கள்.