லைட் எரியுது, ஹோன் அடிக்குது, கார் மட்டும் ஸ்டார்ட் ஆகுதில்ல

வெள்ளன வேலைக்குப் போக சாவியைத் திருகினா "டிக் டிக் டிக்" எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். லைட் எரியுது, ஹோன் ஊரையே எழுப்புது, அப்ப பற்றரி நல்லாத்தானே இருக்கு, ஸ்டார்ட்டர் மோட்டர்தான் போயிற்று எண்டு நாமளே முடிவு கட்டிருவம். நானும் ஒருக்கா அப்பிடித்தான் மோட்டரைக் கழட்ட விட்டு, கடைசியில பற்றரி முனையில பூத்துக் கிடந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டினாப் பிறகுதான் கார் கிளம்பிச்சி. கழட்டிப் பூட்டின கூலி தண்டம்.

லைட் மட்டும் எப்பிடி எரிஞ்ச? நம்ம மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தை யோசிச்சிப் பாருங்க. 1924ல திறந்த பழைய பாலம், புதுப்பாலம் வர முந்தி ஒரு நேரத்துல ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். ராவுல ஒரு சைக்கிள் போனா பாலம் ஒடுக்கம் எண்டே தெரியாது, பள்ளிக்கூட நேரத்துல எல்லாரும் ஒண்டா வந்தாத்தான் தெரியும் (2013ல புதுப்பாலம் வந்தாப் பிறகு பொறந்த புள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் விளங்காது). பொடி பூத்த முனையும் ஒரு ஒடுக்கமான பாலம்தான். ஹெட்லைட் ரெண்டுக்கும் 10 அம்பியர் அளவு போதும், ஸ்டார்ட்டர் மோட்டர் 100, 200 எண்டு இழுக்கும். அந்த இடத்துல 0.02 ஓம் தடை இருக்கு எண்டு வைங்க, லைட்டுக்கு 0.2 வோல்ட்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. மோட்டர் 150 அம்பியர் இழுத்தா அதே இடத்துல 3 வோல்ட் போயிரும், மறுகா எங்க இஞ்சின் சுத்துற?

அந்த டிக் டிக் சத்தம் மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுற காந்தத்துட சத்தம். காந்தம் இழுக்கும், மோட்டர் கரண்டை உறிஞ்சும், வோல்ட் விழும், காந்தம் பிடியை விடும், வோல்ட் திரும்ப ஏறும், காந்தம் திரும்ப இழுக்கும். அதனால வேகமா டிக் டிக் கேட்டா பற்றரி இறங்கியிருக்கும், இல்லாட்டி முனை அழுக்கு. ஒரே ஒரு "டொக்" மட்டும் கேட்டு லைட்டும் மங்காம இருந்தாத்தான் மோட்டரைச் சந்தேகப்படோணும்.

கடற்காத்தும் வாவி ஈரமும் சேர்ந்த ஊர், இங்க முனை சீக்கிரம் அரிக்கும். சுடுதண்ணியில அப்பச்சோடாவைக் கரைச்சி பழைய பல்லுத்தேய்க்கிற பிரஷ்ஷால தேய்ச்சா நுரைச்சிக் கழண்டிரும், காய விட்டு வாஸ்லின் பூசுங்க. கழட்டக்குள்ள மைனஸை முதல்ல கழட்டுங்க, பிளஸ்ஸை முதல்ல தொட்டா ஸ்பேனர் காருட இரும்புல முட்டி நெருப்புப் பறக்கும், பற்றரியில இருந்து ஹைட்ரஜன் வேற வரும், பீடி சிகரெட்டெல்லாம் தள்ளி வைங்க. மல்டிமீற்றர் இருந்தா இன்னும் லேசு. ராவு முழுக்க நிண்ட காருல 12.6 வோல்ட் எண்டா நிறைஞ்ச பற்றரி, 12.2 எண்டா பாதி. இஞ்சின் ஓடக்குள்ள 14க்குக் கிட்ட வரல்ல எண்டா ஓல்டனேற்றர் சார்ஜ் பண்ணல்ல, புதுப் பற்றரி வாங்கியும் பிரயோசனமில்ல.

இஞ்சின் நல்லாச் சுத்தியும் ஸ்டார்ட் ஆகல்ல எண்டா சாவியை ஓன்ல வெச்சி காதைக் கொடுங்க, பின் சீற்றுக்குக் கீழ பெற்றோல் பம்ப் ரெண்டு செக்கன் "ம்ம்ம்" எண்டும். கனக்க காருல அப்பிடித்தான். சத்தமே இல்லாட்டி முதல்ல பியூஸைப் பாருங்க.

ஓடிக்கிட்டிருக்கக்குள்ள நிக்கிறது வேற கதை. ஏசி போட்டு சந்தியில நிண்டா ஓஃப் ஆகுதா, இஞ்சினுக்குக் காத்தைத் திறந்துவிடுற திரொட்டில்ல கரி பிடிச்சிருக்கும், சும்மா ஓடுற இஞ்சினுக்குக் காத்துப் போற இடைவெளி மயிரளவுதான், கரி அதையும் அடைச்சிரும். வெயிலுக்க ஆரையம்பதி தாண்டினாப் பிறகு திடீரெண்டு நிண்டு, அரை மணித்தியாலம் ஆறினா ஒண்டுமே நடக்காத மாதிரி ஓடுதா, அது அநேகமா இஞ்சின் சுத்துறதை அறிஞ்சி சொல்லுற கிராங்க் சென்சர். சூட்டுல உள்ளுக்க இருக்கிற மெல்லிய கம்பிச் சுருள் விரிஞ்சி தொடர்பு விட்டிரும், ஆறினா ஒட்டிக்கும், அதனாலதான் கராஜுக்குக் கொண்டுபோனா வருத்தமே காட்டாது.

மார்கழி வெள்ளத்துக்க நிண்ட காரை மட்டும் தயவுசெஞ்சி திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீங்க. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்கேலாது, பிஸ்டன் மேல வந்து உள்ளுக்க போன தண்ணியில முட்டினா பிஸ்டனைத் தள்ளுற கொனெக்டிங் ரொட் வளைஞ்சிரும், மறுகா இஞ்சினையே பிரிக்கோணும். நாலு பேரைக் கூப்பிட்டு மேட்டுக்குத் தள்ளுங்க.