சட்டைக்குள் ஒரு செய்தித்தாள்

அதிகாலை ஐந்தே முக்கால் மணிக்குச் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் துவாஸ் தொழிற்பேட்டை நோக்கி மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மின்னல் வெட்டும்போதெல்லாம் மேற்கே மேகம் கருஞ்சுவராகத் தெரிந்தது. மழைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தே நிமிடத்தில் காற்றும் மழையும் ஒன்றாக வந்து மோதின. மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கென அமைத்திருக்கும் ஒதுங்குமிடத்தை எட்டுவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். மழைக்கோட்டு பத்திரமாகப் பெட்டிக்குள் இருந்தது.

அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பலரும் மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலம் கடந்து வேலைக்கு வருபவர்கள். எனக்குப் பற்கள் தந்தியடித்தன. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைக் கவனித்தார். "தம்பி, சட்டையைக் கழற்றி நன்றாகப் பிழிந்து போட்டுக்கொள். இதை நெஞ்சோடு வைத்து, மேலே கோட்டை மாட்டு" என்று சொல்லி, முந்தைய நாள் தமிழ் முரசு நாளிதழை நீட்டினார்.

"தாளா ஐயா குளிரைத் தடுக்கப் போகிறது?"

"வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்."

துவாஸ் போய்ச் சேரும்வரை எனக்கு நடுக்கம் வரவில்லை. அவருடைய இரண்டு அறிவுரைகளிலும் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சிங்கப்பூரில் குளிர் என்றாலே பலருக்கும் வியப்பாக இருக்கும். கொட்டித் தீர்க்கும் நாளிலும் இங்கே வெப்பநிலை 21, 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. வீட்டில் அந்த வெப்பநிலைக்குக் குளிர்சாதனத்தை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அதே 22 டிகிரி மோட்டார் சைக்கிளில் நம்மை நடுங்க வைப்பதற்கு வேகமும் ஈரமும் காரணம். இங்கே குளிர் வெளியிலிருந்து உடலுக்குள் வருவதில்லை; நம் உடலின் சூட்டைக் காற்றும் நீரும் சேர்ந்து எடுத்துச் செல்கின்றன.

முதலில் காற்றைப் பார்ப்போம். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி கதகதப்பாக இருப்பதற்கே அதன் இழைகளுக்குள் சிக்கிய காற்றுதான் காரணம். நாம் சும்மா நிற்கும்போது தோலை ஒட்டி ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் தடிமனில் அசையாத காற்றுப் படலம் ஒன்று போர்வைபோல் இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தப் போர்வை அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிடும். திறந்த தோலிலிருந்து வெப்பம் வெளியேறும் வேகம் பத்து மடங்குக்கு மேல் கூடும். பெரியவர் தந்த தாளின் பணி இங்கேதான். தாள் சூடு தருவதில்லை. அது காற்றை மறிக்கிறது, மடிப்புகளுக்கிடையே கொஞ்சம் காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது. மார்பும் வயிறும்தான் காற்றை நேருக்கு நேர் வாங்குபவை என்பதால் அந்த ஓர் இடத்தைக் காத்தாலே பெரும் வேறுபாடு தெரியும்.

அடுத்தது ஈரம். ஒரே தடிமனுள்ள அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 23 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். துணிக்குள் காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் அது போர்வையாக இருக்க முடியாது. அதோடு ஆவியாதல் வேறு. தோலின் சூட்டில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். நனைந்த பருத்திச் சட்டையில் 300 கிராம் நீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் உலர 7,20,000 ஜூல் தேவை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதாவது, நம் உடல் இரண்டு மணி நேரம் உழைத்து உண்டாக்கும் சூட்டுக்கு நிகரான வெப்பத்தை ஒரு சட்டை விழுங்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள காற்று கொடுக்கும் என்றாலும், மீதி நம்முடையதுதான். பிழிந்து போடச் சொன்னது இதனால்தான். பிழிந்து வெளியேற்றிய ஒவ்வொரு சொட்டும் நம் சூட்டைச் செலவழிக்காமல் போன சொட்டு.

மழை கொட்டும்போது இருந்ததைவிட, மழை விட்ட பிறகு அதிகம் நடுங்கியதைப் பலரும் உணர்ந்திருப்பார்கள். மழையின்போது காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ நிறைந்திருக்கும். நனைந்த சட்டை மெதுவாகத்தான் உலரும். மழை நின்று காற்று கொஞ்சம் காயத் தொடங்கியதும் ஆவியாதல் வேகமெடுக்கிறது. அப்போது சட்டையின் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையைவிடக் கீழே இறங்கிவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். மழை விட்டுவிட்டதே என்று கோட்டைக் கழற்றிவிட்டு, நனைந்த சட்டையோடு விரைவுச்சாலையில் ஏறுவது தவறு. அப்போதுதான் கோட்டு மிகவும் தேவை.

சரி, முதலிலேயே நனையாமல் இருப்பது எப்படி? நடுத்தர அளவு மழைத்துளி, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது, மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. நாம் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அது மேலிருந்து வரும் வேகத்தைவிட முன்னாலிருந்து வரும் வேகம் மூன்றரை மடங்கு. மோட்டார் சைக்கிளில் மழை விழுவதில்லை, எதிரே வருகிறது. குடையைப் போல மேலிருந்து காக்கும் உடையால் பயன் குறைவு. கழுத்து, மார்பு ஜிப், மணிக்கட்டு, தொடைகள் சேருமிடம் ஆகியவைதான் வாசல்கள்.

எதிர்க்காற்று நீரை மேல்நோக்கித் தள்ளவும் செய்யும். 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் மூன்று சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கும். 50 கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே ஜிப்பின் மேல் மூடும் மடிப்பு இரண்டு விரல் அகலம்கூட இல்லாவிட்டால், வீட்டுக்குக் கீழே மெதுவாக ஓட்டும்போது நனையாத அதே கோட்டு விரைவுச்சாலையில் நனைக்கும். கடையில் கோட்டு வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த மடிப்பைப் பாருங்கள்.

கழுத்தில் நடப்பது வேறு. கோட்டின் கழுத்துப்பட்டைக்கு மேலே சட்டைக் காலர் எட்டிப் பார்த்தால் போதும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது தலைக்கவசத்திலிருந்து வடியும் நீரை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு போகும். கையுறையின் துணி கோட்டுக் கையின் விளிம்பைத் தாண்டி உள்ளே போனாலும் அப்படித்தான். கோட்டு ஒழுகுகிறது என்று திட்டுபவர்களில் பலருடைய கோட்டு ஒழுகவில்லை. திரி வைத்திருக்கிறார்கள்.

இருக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்பில் மோதும் துளி பெரும் அழுத்தத்தோடுதான் மோதுகிறது, ஆனால் அது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நீடிப்பதில்லை. நனைந்த இருக்கையில் உட்காரும்போது நம் எடை தரும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம். பயணம் முடியும்வரை அது விடுவதே இல்லை. மழைக் காற்சட்டையின் நான்கு தையல்கள் கூடுமிடமும் அதுவேதான். தையல் என்றால் ஊசித் துளைகளின் வரிசை. உட்புறம் அந்த வரிசையின் மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

இனி, இந்த ஊருக்கே உரிய சிக்கல். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், ஒட்டாத தவாக்களில் பூசும் டெஃப்லானைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்துப் பார்த்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த பொருளாக நீண்டது. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் வெளியேறக்கூடிய துளைகள். அதிலிருந்து செய்த மெல்லிய படலம்தான் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் மழையுடைகளுக்குள் சென்றது. ஆனால் ஆவியைத் தள்ளுவதற்கு ஒரு விசை வேண்டும். உள்ளே இருக்கும் ஆவியழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் ஆவியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே அந்த விசை. 34 டிகிரி வியர்த்த தோலின் மேல் ஆவியழுத்தம் 5.3 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). ஐந்து டிகிரி குளிரில் மழை பெய்யும் ஊரில் வெளியே 0.9 கிலோபாஸ்கல்தான். சிங்கப்பூரின் 24 டிகிரி மழையிலோ ஏறத்தாழ 3. வேறுபாடு அங்கே 4.4, இங்கே 2.3. ஆக, இங்கே தள்ளும் விசை பாதிதான். குளிர் நாட்டு ஓட்டிகள் மெச்சும் விலையுயர்ந்த கோட்டு நமக்குப் பாதி வேலைதான் செய்யும். இதை அறிந்துகொண்டு காசு செலவழிப்பது நல்லது.

அந்தப் பாதி வேலைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வெளித்துணியில் நீர் தாமரை இலைத் தண்ணீர் போல் உருண்டோட வேண்டும். அதற்கென ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். அழுக்கும் சலவைத்தூளும் அதைக் கெடுத்துவிட்டால், துணி நீரைக் குடித்துத் துளைகளை மூடிவிடும். உள்ளே வியர்வை சேரும். நாம் மழைதான் புகுந்தது என்று நினைப்போம்.

அந்த வியர்வையும் குறைந்ததல்ல. உடல் தன் சூடு முழுவதையும் வியர்வையாலேயே வெளியேற்ற நேர்ந்தால், மணிக்கு 150 கிராம் வேண்டும். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் நெரிசலில் நிற்கும்போது பிளாஸ்டிக் கோட்டுக்குள் அப்படித்தான் நடக்கிறது. வண்டி மீண்டும் வேகமெடுத்ததும் அதே ஈரம் நம்மைக் குளிர வைக்கிறது. ஆகவே நான் கோட்டுக்குள் பருத்திச் சட்டை போடுவதை விட்டுவிட்டேன். மெல்லிய பாலியஸ்டர் இழை நீரைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்வதில்லை. பிழிந்தால் பெரும்பகுதி போய்விடும். நிற்கும் இடங்களில் கழுத்து ஜிப்பை ஒரு சாண் இறக்கிவிடுவது எந்தப் படலத்தையும்விட வேகமாக ஆவியை வெளியேற்றும்.

தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி மங்குவதும் இதே ஆவிதான். மூச்சுக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நுண்துளிகளாகப் படிகிறது. ஒளியைச் சிதறடிப்பது நீர் இல்லை, துளிகளின் வளைந்த வடிவம். உட்புறம் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியைத் தேய்த்துத் துடைத்தால், நீர் துளியாக நிற்காமல் தட்டையாகப் பரவும், பாதை தெரியும். நீண்ட பயணத்தில் இது நீடிக்காது, அலுவலகம் போய்ச் சேரப் போதும்.

அன்று என் மீது மோதியதுபோல் மேற்கிலிருந்து இடிமழையோடு வரும் சுமத்ரா காற்று பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும். மின்னலிலிருந்து காரின் உலோகக்கூடு காப்பதுபோல் மோட்டார் சைக்கிளில் எதுவும் நம்மைக் காப்பதில்லை. இடியும் மின்னலும் நெருங்கும்போது ஒதுங்குமிடத்தில் காத்திருப்பதால் வேலைக்குத் தாமதமானாலும் காத்திருங்கள்.

பெரியவரை அதன் பிறகு இருமுறை அதே மேம்பாலத்தடியில் பார்த்தேன். இரண்டு முறையும், மழை வருவதற்கு முன்பே கோட்டு மாட்டி, காலரை உள்ளே செருகி, கையுறையைச் சரிசெய்துவிட்டுத்தான் நின்றிருந்தார். வீட்டுக்குப் போனதும் கோட்டை எப்படிக் காய வைப்பது என்று கேட்டேன். "முதலில் உள்புறத்தை வெளியே திருப்பிப் போடு தம்பி. வெளிப்புறம் வண்டியிலேயே பாதி காய்ந்திருக்கும்" என்றார். அன்று மாலை வீட்டுத் தாழ்வாரத்தில் என் கோட்டைத் திருப்பிப் போட்டேன். உள்புறத்தில்தான் ஈரம் அதிகமாக இருந்தது.